மின்னலின் வீட்டில் இரும்புக்கு என்ன வேலை?

1903ஆம் ஆண்டு பிப்ரவரி 6. ஓஸ்லோ நகரத்துக்கு அப்போது கிறிஸ்டியானியா என்று பெயர். பல்கலைக்கழக மண்டபத்தில் பிரமுகர்கள் கூடியிருந்தார்கள். இயற்பியல் பேராசிரியர் கிறிஸ்டியான் பிர்கெலான்ட் தான் உருவாக்கிய மின்காந்தப் பீரங்கியை இயக்கிக் காட்டப் போகிறார். வெடிமருந்து வேண்டாம், மின்சாரமே குண்டைத் தள்ளிவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. விசையைப் போட்டார். குண்டு போகவில்லை. பெரும் ஓசையுடன் மின்சுற்று பழுதாகி, பீரங்கியிலிருந்து கண்ணைப் பறிக்கும் மின்வில் ஒன்று பாய்ந்தது. கூட்டம் பதறியது. பீரங்கி வியாபாரம் அன்றோடு படுத்துவிட்டது.

ஒரு வாரம் கழித்து ஒரு விருந்து. அரசியல்வாதி குன்னர் கினுட்செனின் வீட்டில் பிர்கெலான்டுக்கு சாம் ஐடே என்ற பொறியாளர் அறிமுகமாகிறார். ஐடே நார்வேயின் அருவிகள் மீதான உரிமைகளை வாங்கி வைத்துக்கொண்டு, அந்தத் தண்ணீரிலிருந்து வரப்போகும் மின்சாரத்தை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தவர். காற்றிலிருந்து உரம் எடுக்க வேண்டும், அதற்குப் பூமியிலேயே பெரிய மின்னல் ஒன்று தேவை என்று ஐடே சொன்னதாகவும், அது என்னிடம் இருக்கிறது என்று பிர்கெலான்ட் பதில் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு மெருகேறியதோ, அதன் பின்னால் நடந்தவை பதிவாகியிருக்கின்றன. பிப்ரவரி முடிவதற்குள் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார்கள். 1905இல் நோட்டோடன் என்ற ஊரில் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் பிறந்தது.

இந்தக் கதையைப் பெரும்பாலும் தோற்றவர் கதையாகவே சொல்வார்கள். மின்னலை நம்பியவர் தோற்றார், இரும்பை நம்பியவர்கள் ஜெயித்தார்கள். ஆனால் இன்று உலகெங்கும் பல ஆய்வகங்களில் மின்னலையும் உலோகத்தையும் ஒரே குழாய்க்குள் குடிவைக்கப் பார்க்கிறார்கள். அந்தக் குடித்தனம் ஏன் இன்னும் சரிப்பட்டு வரவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, நூறு வருடத்துக்கு முந்தைய இந்த இரண்டு கதைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

முதலில் பிரச்சினை என்னவென்று பார்த்துவிடலாம். நாம் மூச்சு விடும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். பயிருக்கும் அதுதான் வேண்டும். ஆனால் காற்றில் இருக்கும் நைட்ரஜன் சும்மா கிடக்கிறது. இரண்டு அணுக்கள் மூன்று பிணைப்புகளால் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு, யாரோடும் சேராமல் இருக்கின்றன. அந்தக் கட்டை அவிழ்ப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய வயல்கள் சிலி நாட்டுப் பாலைவனத்திலிருந்து தோண்டி எடுத்த வெடியுப்பை நம்பியிருந்தன. 1898இல் பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் வில்லியம் குரூக்ஸ் தன் தலைமை உரையில், அந்த உப்பு தீர்ந்துபோனால் கோதுமை உண்பவர்கள் பட்டினி கிடக்க நேரும் என்று எச்சரித்தார். வேதியியல்தான் வழி காட்ட வேண்டும் என்றவர், நயாகரா போன்ற அருவிகளின் மின்சாரத்தைக் கொண்டு காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கலாம் என்றும் சொன்னார். 1902இல் நயாகராவிலேயே அப்படி ஒரு தொழிற்சாலை எழுந்தது. இரண்டு வருடத்தில் மூடிவிட்டார்கள்.

நயாகராவில் நடக்காதது நோட்டோடனில் நடந்ததற்குக் காரணம் அந்தப் பீரங்கிதான். காந்தப்புலத்துக்குள் அகப்படும் மின்வில் கோடாக நிற்காமல் தட்டாக விரிகிறது என்பதைப் பிர்கெலான்ட் பயன்படுத்திக்கொண்டார். ஓர் ஆளின் உயரத்துக்கும் மேலான விட்டம் கொண்ட, சூரியனைப் போல் எரியும் வட்டத் தட்டு. 3000 டிகிரிக்கு மேற்பட்ட அந்த வெப்பத்தின் ஊடே காற்றைச் செலுத்தினால் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு ஆகும். அதைக் குளிரவைத்து, கருங்கல் கோபுரங்களில் தண்ணீரோடு சேர்த்தால் நைட்ரிக் அமிலம். அமிலத்தில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டால் உரம். மூலப்பொருள் என்று பார்த்தால் காற்று, தண்ணீர், கல். அவ்வளவுதான்.

1911இல் ரியூக்கான் பள்ளத்தாக்கில் இன்னும் பெரிய ஆலை. அதற்கு மின்சாரம் கொடுத்த வேமார்க் நீர்மின் நிலையம் அன்றைக்கு உலகிலேயே பெரியது. ரியூக்கான் ஆண்டில் பாதி நாள் வெயிலே எட்டாத ஊர். 2013இல்தான் மலைமேல் பெரிய கண்ணாடிகளை நிறுத்தி ஊர்ச் சதுக்கத்துக்கு வெயிலைத் திருப்பிவிட்டார்கள். வெயில் எட்டாத அந்தப் பள்ளத்தில் மனிதன் செய்த மின்னல் இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, உருவான நைட்ரிக் ஆக்சைடு மெதுவாகக் குளிர்ந்தால் மறுபடி நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். எனவே உருவான கணத்திலேயே தீயிலிருந்து வெளியே இழுத்துச் சட்டென்று குளிர்விக்க வேண்டும். அப்படிச் செய்தும் வெளிவந்த வாயுவில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் வேண்டிய பொருள். இரண்டாவது, செலவு. ஒரு டன் நைட்ரிக் அமிலத்துக்குச் சுமார் 15,000 யூனிட் மின்சாரம். கொடுத்த மின்சாரத்தில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான் அந்த வேதிப்பிணைப்பில் போய்ச் சேர்ந்தது. மீதியெல்லாம் காற்றைச் சூடாக்குவதில் போனது.

பிர்கெலான்டின் உலையில் வினையூக்கி எதுவும் கிடையாது. வைத்திருக்கவும் முடியாது. இரும்பு உருகுவது 1538 டிகிரியில். அந்தத் தட்டின் பக்கத்தில் வைத்தால் அது கஞ்சியாகிவிடும். வெறும் வெப்பத்தால் மட்டுமே கட்டவிழ்த்த வேதியியல் அது.

இதே ஆண்டுகளில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ஃபிரிட்ஸ் ஹேபர் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார். நைட்ரஜனை ஆக்சிஜனோடு சேர்க்காமல் ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா செய்வது அவர் வழி. அவருக்குப் பின்னால் நின்ற பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் இரண்டு குதிரை மேலும் பணம் கட்டியிருந்தது. தன் சொந்த மின்வில் முறையோடு நார்வேக்காரர்களுடன் கூட்டுச் சேர்ந்தும் இருந்தது, ஹேபருக்கு ஆதரவும் கொடுத்தது.

1909 ஜூலை 2 அன்று நிறுவனத்தின் ஆட்கள் கார்ல்ஸ்ரூவுக்கு வந்தார்கள். வந்தவர்களில் கார்ல் போஷ், ஆல்வின் மித்தாஷ் இருவரும் உண்டு. ஹேபரும் அவருடைய துணைவர் ராபர்ட் லெ ரொசினோலும் அமைத்த உயரழுத்தக் கருவி அன்று ஒழுகியது. சரிசெய்ய நேரமானது. போஷ் கிளம்பிவிட்டார். மித்தாஷ் இருந்தார். மாலையில் அம்மோனியா சொட்டுச் சொட்டாக விழுவதைக் கண்ணால் பார்த்தார். உலக வரலாற்றில் சில திருப்பங்கள் யார் கொஞ்ச நேரம் கூடுதலாகக் காத்திருந்தார் என்பதில் அடங்கியிருக்கின்றன.

ஹேபரின் வினையூக்கி ஆஸ்மியம். நன்றாக வேலை செய்தது. ஆனால் உலகத்தில் இருக்கும் ஆஸ்மியத்தை எல்லாம் கூட்டிப் பெருக்கினாலும் ஒரு தொழிலுக்குப் பத்தாது. மாற்று தேடும் பொறுப்பு மித்தாஷிடம் வந்தது. அவருடைய முறை மிக எளியது, அதே அளவுக்குப் பொறுமையைக் கேட்பது. சுமார் இரண்டு கிராம் பொருளைப் போட்டு எடுக்கக்கூடிய சின்னச் சின்ன உயரழுத்தக் கருவிகள். எல்லாம் ஒரே மாதிரி. ஒரே அழுத்தம், ஒரே வெப்பம், ஒரே வாயு. உள்ளே வைக்கும் பொருள் மட்டும் மாறும். 1912 தொடக்கத்துக்குள் 2500 கலவைகள், 6500 சோதனைகள்.

திருப்புமுனை 1909 நவம்பரிலேயே வந்துவிட்டது. சுவீடனின் கெல்லிவாரே சுரங்கத்து இரும்புத் தாது ஒன்று எதிர்பாராத அளவுக்கு அம்மோனியா கொடுத்தது. ஆனால் தூய இரும்பு அப்படிக் கொடுக்கவில்லை. அப்படியென்றால் வேலை செய்தது இரும்பு மட்டும் இல்லை, அதோடு ஒட்டிக்கொண்டு வந்த அழுக்கும்தான். எந்த அழுக்கு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். கடைசியில் இரும்போடு கொஞ்சம் அலுமினியம் ஆக்சைடு, கொஞ்சம் பொட்டாசியம் என்று வந்து நின்றது. இன்றைய அம்மோனியா ஆலைகள் பலவற்றில் இருப்பது அந்தக் கலவையின் நேரடி வாரிசுதான்.

1911இல் பி.ஏ.எஸ்.எஃப். நார்வேக் கூட்டிலிருந்து விலகியது. 1913 செப்டம்பரில் ஒப்பாவ் ஆலை ஓடத் தொடங்கியது. பிர்கெலான்ட் 1917 ஜூனில் டோக்கியோவில் ஒரு ஹோட்டல் அறையில் இறந்தார். வயது 49. 1920களின் இறுதியில் நோர்ஸ்க் ஹைட்ரோவே ஜெர்மன் முறைக்கு மாறியது. மின்னல் தட்டுகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

‘அதான் கண்டுபிடிச்சாச்சே, அப்புறம் என்ன?’ என்று கேட்கத் தோன்றும். சிக்கல் அந்த இரும்பிலேயே இருக்கிறது.

அம்மோனியா உருவாகும்போது வெப்பம் வெளிவரும். அதனால் குளிர்ந்த இடத்தில்தான் அது நிலைத்து நிற்கும். ஆனால் குளிர்ந்த இரும்பு நைட்ரஜனின் கட்டை அவிழ்க்காது, அதற்கு 400, 500 டிகிரி சூடு வேண்டும். அவ்வளவு சூட்டில் உருவான அம்மோனியா பிரியப் பார்க்கும். அதைத் தடுக்க வாயுவை ஏறத்தாழ 200 மடங்கு வளியழுத்தத்தில் நெருக்க வேண்டும். அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கப் பிரமாண்டமான ஆலை வேண்டும், அந்த ஆலை நிற்காமல் ஓட வேண்டும். இரும்பின் ஒரு பலவீனத்தைச் சுற்றிக் கட்டப்பட்ட கோட்டை என்று இந்தத் தொழிலைச் சொல்லலாம். ஹைட்ரஜனுக்கு இயற்கை எரிவாயுவோ நிலக்கரியோ வேண்டியிருப்பதால், ஆண்டுக்குச் சுமார் 18 கோடி டன் அம்மோனியாவுக்காக உலகின் மொத்தக் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கை வெளியேற்றுகிறோம். பிந்துலுவிலும் குரூனிலும் நம் எரிவாயு யூரியா ஆவது இதே வழியில்தான். விட்டுவிடவும் முடியாது. மனிதகுலத்தில் ஏறத்தாழ பாதிப் பேரின் சாப்பாடு இதில் தொங்குகிறது.

இரும்புக்கு ஏன் அந்தப் பலவீனம்? பிரெஞ்சு வேதியியலாளர் பால் சபாத்தியே சொன்ன கருத்து ஒன்று உண்டு. நல்ல வினையூக்கி எதையும் அளவாகப் பிடிக்க வேண்டும். நைட்ரஜனை உடும்புப் பிடியாகப் பிடிக்கும் உலோகம் கட்டைச் சுலபமாக அவிழ்க்கும், ஆனால் பிறகு விடாது. மேற்பரப்பு முழுக்க நைட்ரஜன் அணுக்கள் உட்கார்ந்துகொண்டு அடுத்தவருக்கு இடம் தராது. லேசாகப் பிடிக்கும் உலோகம் சீக்கிரம் விட்டுவிடும், ஆனால் அவிழ்க்காது. பிடித்தால் விடாது, விடுவதென்றால் பிடிக்காது. இந்த இரண்டு குணங்களும் கயிற்றால் கட்டியதுபோல ஒன்றாகவே ஏறி இறங்கும். இரும்பும் ருத்தேனியமும் நடுவில் நிற்பதால் ஜெயித்தன.

இந்தக் கயிற்றை அறுக்க முடியுமா என்ற கேள்விதான் மின்னலை மறுபடி வீட்டுக்குள் அழைத்து வந்தது. ஆனால் இந்த முறை பிர்கெலான்டின் சூரியத் தட்டு இல்லை, வேறு வகை மின்னல். 1857லேயே வெர்னர் சீமென்ஸ் இரண்டு மின்முனைகளுக்கு நடுவில் கண்ணாடியை வைத்து ஓசோன் தயாரிக்கும் குழாயைச் செய்திருந்தார். கண்ணாடி தடுப்பதால் மின்சாரம் பெரிய வில்லாக வளராது. ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகளாக மின்னி மின்னி அணையும். அதில் எலெக்ட்ரான்களின் வெப்பம் பல்லாயிரம் டிகிரி. ஆனால் வாயு கிட்டத்தட்ட அறைச் சூட்டிலேயே இருக்கும். இப்படி மின்னேறிய வாயுவுக்கு ‘பிளாஸ்மா’ என்ற பெயரை இர்விங் லாங்முயர் வைத்தது 1928இல். பிர்கெலான்ட் தன் வாழ்நாளில் அந்தச் சொல்லைத் தன் உலைக்குப் பயன்படுத்தியிருக்க முடியாது.

குளிர்ந்த பிளாஸ்மாவில் உலோகம் உருகாது. மின்னலும் வினையூக்கியும் சேர்ந்து குடியிருக்க இடம் கிடைத்துவிட்டது. முதலில் எல்லோரும் செய்தது இயல்பான காரியம்தான். கடையில் கிடைக்கும் நல்ல வினையூக்கியை எடுத்துப் பிளாஸ்மாவுக்குள் போட்டார்கள். அங்கே நல்லது இங்கேயும் நல்லதாகத்தானே இருக்கும்?

இருக்க வேண்டியதில்லை என்பதற்கு அறிகுறிகள் சீக்கிரமே வந்தன. 1986இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பிளாஸ்மாவில் மக்னீசியம் ஆக்சைடை வைத்து அம்மோனியா செய்ததை வெளியிட்டார்கள். சாதாரண ஆலையில் அந்தப் பொருளை வினையூக்கி என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். 2018இல் அமெரிக்காவின் நோட்ரே டேம் பல்கலைக்கழகக் குழு ஒன்று இதற்கு ஒரு விளக்கத்தை முன்வைத்தது. பிளாஸ்மாவில் எலெக்ட்ரான் மோதிய நைட்ரஜன் மூலக்கூறு சுருள்கம்பி போல் அதிர்ந்துகொண்டே வருகிறது. கட்டு ஏற்கனவே தளர்ந்திருக்கிறது. அவிழ்க்கும் வேலையின் ஒரு பங்கை மின்னலே முடித்துவிட்டதால், இனி உலோகத்துக்கு உடும்புப் பிடி தேவையில்லை. சீக்கிரம் விட்டுவிடும் குணம்தான் முக்கியம். எனவே கோபால்ட், நிக்கல் போன்ற, வழக்கமான போட்டியில் பின்தங்கிய உலோகங்கள் இங்கே இரும்பை முந்தலாம். கணக்கு அப்படிச் சொன்னது, அவர்களுடைய சோதனையும் அதே திசையைக் காட்டியது. பிடிப்பதையும் விடுவதையும் சேர்த்துக் கட்டியிருந்த கயிறு கொஞ்சம் தளர்ந்தது.

எல்லோரும் இதை அப்படியே ஏற்கவில்லை. பிளாஸ்மா வலுவாக இருந்தால் நைட்ரஜன் வாயுவிலேயே தனித்தனி அணுவாக உடைந்துவிடும், அப்போது எந்த உலோகம் என்பது அவ்வளவு பெரிய வேறுபாடு தராது என்பது இன்னொரு தரப்பு. இரண்டும் நடக்கின்றன. எது எவ்வளவு என்பது பிளாஸ்மாவைப் பொறுத்தது.

என் பார்வையில், மித்தாஷின் காலத்துக்கும் நம் காலத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். மித்தாஷ் உள்ளே வைக்கும் பொருளை மட்டும் மாற்றினார், மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. அதனால்தான் 2500 கலவைகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடிந்தது. பிளாஸ்மாவில் அந்த வசதி கிடையாது. உள்ளே வைக்கும் பொருளை மாற்றினால் மின்னலே மாறிவிடும். பேரியம் டைட்டனேட் போன்ற மணிகளை நிரப்பினால் மணிகள் தொட்டுக்கொள்ளும் இடங்களில் மின்புலம் பல மடங்கு குவியும். மேலே உலோகம் பூசினால் மின்சாரம் அதன் வழியே வேறு மாதிரி ஓடும். வினையூக்கி இங்கே விருந்தாளி மட்டும் இல்லை, வீட்டின் சுவரும் அதுதான். ‘எது நல்ல வினையூக்கி’ என்று தனியாகக் கேட்பதில் பொருளில்லை. எந்த மின்னலுக்கு எது நல்லது என்றுதான் கேட்க முடியும்.

நுண்துளைகளின் கதையும் இப்படித்தான். வழக்கமான வினையூக்கிகளின் பெருமையே அவற்றின் நுண்துளைகள். ஒரு கரண்டித் தூளுக்குள் ஒரு மைதானத்தின் பரப்பை ஒளித்துவைக்கலாம். ஆனால் மின்னல் இழை அந்த அளவு சின்னத் துளைக்குள் நுழையாது. அதில் உருவாகும் துடிப்பான அணுக்களும் ஆழம் போவதற்குள் மடிந்துவிடும். அங்கே சொத்தாக இருந்தது இங்கே பயனில்லாத கிடங்கு.

ஆனால் அந்தக் கிடங்குக்கே இன்னொரு வேலை கண்டுபிடித்தார்கள். ரியூக்கானில் கவனித்த பிரச்சினையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். உருவானதைத் தீயே திரும்ப அழிக்கும். பிளாஸ்மாவிலும் அதேதான், அம்மோனியாவை உண்டாக்கும் எலெக்ட்ரானே அதை உடைக்கும். 2022இல் வெளியான ஓர் ஆய்வில், லிவர்பூல் பல்கலைக்கழகத்தினர் உட்பட்ட குழு, துளைகள் நிறைந்த சிலிக்காவின் வெளிப்புறத்தில் நிக்கலை வைத்தது. அம்மோனியா வெளியே உருவாகிறது, மின்னல் எட்டாத துளைக்குள் போய் ஒதுங்கித் தப்பிக்கிறது. பிர்கெலான்ட் வாயுவைத் தீயிலிருந்து வெளியே இழுத்துக் காப்பாற்றினார். இவர்கள் தீக்கு உள்ளேயே ஒளிய இடம் செய்து கொடுத்திருக்கிறார்கள். பிரச்சினை அதேதான், விடை மட்டும் நூறு வருடம் கழித்து ஒரு வினையூக்கியின் வடிவத்துக்குள் வந்திருக்கிறது.

இதெல்லாம் வெற்றிபெற்றால் என்ன ஆகும்? வெயில் இருக்கும்போது ஓடி, இல்லாதபோது நின்றுவிடும் சிறிய கருவிகள். உரம் வயலுக்கு அருகிலேயே தயாராகலாம், எரிவாயு வைத்திருக்கும் நாடுகளின் கையை எதிர்பார்க்க வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிர்கெலான்டை வீழ்த்திய மின்கட்டணம் இன்னும் தீரவில்லை. குளிர்ந்த பிளாஸ்மாவில் அம்மோனியா செய்யும் பெரும்பாலான முயற்சிகள் இன்றைய ஆலைகளைவிடப் பல மடங்கு ஆற்றலை விழுங்குகின்றன.

அதனால் ‘காற்றிலிருந்து மின்சாரத்தில் உரம்’ என்று எங்காவது செய்தி வந்தால் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். ஒரு கிலோவுக்கு எத்தனை யூனிட்? அந்த வினையூக்கியை எடுத்துவிட்டு வெறும் மணிகளோடு பிளாஸ்மாவை ஓட்டிப் பார்த்தார்களா, வித்தியாசம் எவ்வளவு? உருவானதை மின்னலிடமிருந்து எப்படிக் காப்பாற்றினார்கள்? முதல் கேள்வி பிர்கெலான்டைத் தோற்கடித்தது. இரண்டாவது, மித்தாஷ் இருந்திருந்தால் கேட்டிருக்கக் கூடியது. மூன்றாவது, ரியூக்கானின் உலைக்காரர்கள் நாள்தோறும் சமாளித்தது.

நோட்டோடனும் ரியூக்கானும் 2015இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. வேமார்க் மின்நிலையம் இப்போது அருங்காட்சியகம். மின்சாரத்தால் உரம் செய்வது முடிந்துபோன கதை என்றே தோன்றும். முடிந்ததா என்பதை ஆய்வகங்களில் ஊதா நிறத்தில் மினுங்கிக்கொண்டிருக்கும் விரல் தடிமன் கண்ணாடிக் குழாய்கள் இனிமேல்தான் சொல்ல வேண்டும்.